ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கியபோது

1962இல் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை ஊரில் கார்ப் பந்தயம் ஓடியவள் மீனாம்பிகை ஒருத்திதான். அவளுடைய தகப்பன் இளமையில் இந்தியாவுக்குப் பாய்க்கப்பல் ஓட்டியவர். பிறகு லொறிகள் வைத்திருந்து, அவற்றையும் விற்றுவிட்டுக் கண்ணை மூடினார். லொறிகளுக்கு நடுவே வளர்ந்த மீனாம்பிகைக்குச் சைக்கிளுக்கு முன்பே ஸ்டியரிங் பழகிவிட்டது. அவள் கணவன் பஞ்சலிங்கம் ஓர் இயந்திரப் பட்டறையில் கடைசல் வேலை செய்பவன். தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப்போன சிவப்பு எம்.ஜி. காரை, இரண்டே இருக்கைகள் கொண்ட அந்த வண்டியை, அவன்தான் பிரித்துப் பூட்டிப் பந்தயத்துக்கு ஆக்கினான். ஓட்டுவது அவள், பழுது பார்ப்பது அவன் என்று அவர்களுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது.

முந்திய வருடம் மலைநாட்டுப் பந்தயத்தில் அவள் பின்தங்கிப் போனாள். ஏற்றத்தில் வளைவு எடுக்கும்போதெல்லாம் உட்பக்கத்துப் பின்சக்கரம் பாரம் இழந்து வெறுமனே சுழன்றது. எஞ்சின் கத்தியது, கார் நகரவில்லை. எஞ்சினின் பலத்தை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியான சாதாரண டிபரன்சலின் குணம் அது. எந்தச் சக்கரத்துக்குப் பிடி இல்லையோ அதற்கே பலமெல்லாம் ஓடிவிடும்.

அதற்கு மருந்து கொண்டுவந்தவன் மீனாம்பிகையின் தமையன் சோமசேகரம். அவன் சரக்குக் கப்பலொன்றில் எஞ்சினியர். லீவில் வரும்போது இங்கிலாந்தில் வாங்கிய வேறுவகை டிபரன்சல் ஒன்றைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தான். அதன் உள்ளே தட்டுகள் அடுக்கியிருந்தன. ஒரு சக்கரம் தனியே சுழலப் பார்த்தால் தட்டுகள் இறுகி மற்றச் சக்கரத்தையும் சேர்த்து இழுக்கும்.

மச்சான்மார் இருவரும் வீட்டு வளவில் இருந்த கொட்டிலில் காரை ஏற்றி வேலையைத் தொடங்கினார்கள். பழைய டிபரன்சலிலிருந்த பெரிய பல்சக்கரத்தைக் கழற்றிப் புதியதில் பூட்ட வேண்டும். பல்லும் பல்லும் சரியாகக் கவ்வுகின்றனவா என்று நீல மை தடவிப் பார்த்து, மெல்லிய தகடுகளை வைத்தும் எடுத்தும் சரிசெய்ய வேண்டும். பஞ்சலிங்கம் அந்த வேலையிலேயே மூன்று நாள் குனிந்து கிடந்தான். பூட்டி முடிந்ததும் இரண்டு பின்சக்கரங்களும் அந்தரத்தில் நிற்க, இடது சக்கரத்தைக் கையால் சுற்றினான். முன்பென்றால் வலது சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். இப்போது அதுவும் கூடவே அதே பக்கம் சுற்றியது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மீனாம்பிகை காரைப் பக்கத்திலுள்ள கீரிமலை வரை கொண்டுபோய்த் திரும்பினாள். வரும்போதே அவள் முகம் சரியில்லை.

"திருப்பத்திலை பின்னாலை ஒரு சத்தம் கேக்குது," என்றாள். "மெல்லப் போனால்தான். டக் டக்கெண்டு."

"உது தட்டுகளின்ரை சத்தம்," என்றான் சோமசேகரம். "இதுக்கெண்டு ஒரு தனி ஒயில் இருக்கு. இஞ்சை கிடைக்காது. சாதா ஒயில் விட்டால் உப்பிடித்தான் சத்தம் போடும்."

பஞ்சலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "தட்டெண்டால் முறுமுறுக்க வேணும், மச்சான். இது அடிக்குது. பல்சக்கரத்துப் போல்ட் ஒண்டு இளகியிருக்கோ எண்டு பயமாக் கிடக்கு."

"நீர்தானே முறுக்கினனீர்?"

"அதுதான் பயமாக் கிடக்கு எண்டுறன்."

"நாளைக்கு விடிய காரை மலைநாட்டுக்குச் சரக்கு ரயிலிலை ஏத்த வேணும். இனித் திரும்பப் பிரிக்க நேரம் எங்கை இருக்கு?"

"போல்ட் கழண்டு பல்லுக்குள்ளை விழுந்தால் ரண்டு சக்கரமும் ஒரேயடியா இறுகி நிக்கும். மலை றோட்டு, மச்சான். ஓட்டப்போறது நீருமில்லை, நானுமில்லை."

தன்னுடைய பேச்சை நம்பவில்லை என்ற கோபம் சோமசேகரத்துக்கு இருந்தது. ஸ்டேசனில் பெட்டி ஒதுக்கிவிட்டார்களா என்று பார்த்து வருவதாகச் சொல்லிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பஞ்சலிங்கம் முற்றத்தில் நின்ற காரின் இடது பின்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் உயர்த்தினான். முன்சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தான். பின்னால் உருண்டு வந்துவிடக் கூடாது என்பதுதான் அவன் நினைப்பு. பழைய டிபரன்சலோடு இதே மாதிரி எத்தனையோ தடவை செய்திருக்கிறான். தூக்கிய சக்கரம் சுழலும், நிலத்தில் நிற்கும் சக்கரம் அசையாது. கீழே படுத்துச் சத்தத்தைக் கேட்கலாம்.

"அண்ணை வரட்டுமே," என்றாள் மீனாம்பிகை.

"அவர் வந்தால் திரும்பவும் கதைதான். நீ ஏறி ரண்டாவது கியரிலை மெல்ல விடு. நான் கீழை கிடந்து கேக்கிறன்."

அவன் காரின் பின்புறமாக மல்லாந்து உள்ளே நகர்ந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவள் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கியரைப் போட்டு, கிளச்சை மெதுவாக விட்டாள்.

வலது சக்கரம் மண்ணைப் பற்றியது. கார் முன்னே பாய்ந்தது. பின்பக்கம் பொத்தென்று விழுந்ததை அவள் தன் இடுப்பில் உணர்ந்தாள். எதிரே கிணற்றுக்கட்டு. இரண்டு கால்களாலும் பிறேக்கை மிதித்தாள். எஞ்சின் குலுங்கி நின்றது.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அவள் இறங்கி ஓடிப் பார்த்தபோது ஜாக்கி காருக்கு அடியில் வளைந்து கிடந்தது. பெட்ரோல் தாங்கியும் இரும்புச் சட்டமும் பஞ்சலிங்கத்தின் நெஞ்சை அழுத்தியிருந்தன. அவன் கண்கள் திறந்திருந்தன. வாய் அசைந்தது, மூச்சு வரவில்லை.

காரை முன்னே எடுத்தால் அவனையும் இழுத்துக்கொண்டு போகும். பின்னே எடுத்தால் முகம் நசுங்கும். அவள் பின்பம்பரைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். கொஞ்சம் எழும்பியது, பிடித்து நிற்க முடியவில்லை. திரும்ப இறங்கியபோது அவன் முனகினான். அந்த முனகலைக் கேட்டு அவள் வாய்விட்டு அலறினாள்.

பக்கத்து வளவில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த சின்னாச்சி வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தாள். அவள் போட்ட கூப்பாட்டில் ஒழுங்கைச் சந்திலிருந்த பெண்கள் எல்லாரும் வந்தார்கள். ஆண்கள் கடலிலும் வேலையிலும் இருந்த நேரம்.

"அழாதை பிள்ளை," என்றாள் சின்னாச்சி. "எதைத் தூக்கவேணும்? அதைச் சொல்லு."

கொட்டில் தாழ்வாரத்தில் மீனாம்பிகையின் தகப்பன் வைத்திருந்த பழைய பாய்மரத் துண்டு ஒன்று கிடந்தது. அதைத் தூக்கி வந்து நுனியைச் சட்டத்துக்குக் கீழே கொடுத்தார்கள். அம்மிக்கல்லை உருட்டி வந்து முட்டு வைத்தார்கள். பெண்கள் மரத்தின் மற்ற முனையில் தொங்கினார்கள். மரம் முறிவதுபோலச் சத்தமிட்டது. கார் எழும்பியது.

"இழு," என்றாள் சின்னாச்சி.

மீனாம்பிகை கணவனின் இரண்டு கால்களையும் பிடித்து இழுத்தாள். அவன் தலை வெளியே வந்த பிறகுதான் மற்றவர்கள் மரத்தை விட்டார்கள்.

மூச்சு வந்தது. ஆனால் ஒவ்வொரு மூச்சும் பாதியில் நின்றது. இடது தோள் கோணலாய்த் தொங்கியது. வாடகைக் காருக்கு ஆள் அனுப்பி, அது வரும்வரை காத்திருக்க முடியாது. அவனை அந்தக் காரிலேயே தூக்கி இருத்தினார்கள். சேலையால் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினாள் சின்னாச்சி.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரி தூரமில்லை. ஆனால் ஒழுங்கையிலிருந்து திரும்பும்போது காரின் பின்னால் அந்த டக் டக் இன்னும் கேட்டது. போல்ட்தான் என்றால் எந்த நிமிடமும் சக்கரங்கள் இறுகிவிடலாம். மெல்ல ஓட்டினால் அவன் மூச்சு தாங்குமா என்று தெரியவில்லை. வேகமாக ஓட்டினால் கார் தாங்குமா என்று தெரியவில்லை. அவள் வேகமாகவே ஓட்டினாள்.

வழியில் வெங்காய மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியை முந்திக்கொண்டு ஒரு பஸ் நேரே வந்தது. அவள் இடப்பக்கம் ஒதுங்கினாள். இரண்டு சக்கரங்கள் ஓரத்து மணலில் இறங்கின. பழைய நினைப்பில் ஆக்சிலரேட்டரை மிதித்தாள். சக்கரம் மணலில் சுழலும் என்று எதிர்பார்த்தது கால். ஆனால் கார் உதைத்துக்கொண்டு மேலேறியது. ஏறிய வேகத்தில் வால் வலப்பக்கம் வீசியது. பஸ்ஸின் பின்பக்கம் அவள் கைக்கெட்டும் தூரத்தில் கடந்தது.

"காலை எடு," என்றான் பஞ்சலிங்கம். அதுதான் அடிபட்ட பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை.

அவள் காலை எடுத்தாள். கார் நேரானது.

காறை எலும்பும் விலா எலும்புகள் சிலவும் முறிந்திருந்தன. நுரையீரலில் காயமில்லை என்று டொக்டர் சொன்னார். மீனாம்பிகை வார்டுக்கு வெளியே வந்து வாங்குப் பலகையில் இருந்தாள். செய்தி கேட்டுச் சோமசேகரம் வந்தபோதும் அவள் அங்கேயே இருந்தாள்.

"உந்தச் சாமானைக் கழட்டிக் கடலிலை எறிவன்," என்றான் அவன்.

"அது என்ன செய்தது, அண்ணை? ரண்டு சக்கரமும் சேந்து சுத்தும் எண்டு எங்கள் மூண்டு பேருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். கை பழைய பழக்கத்திலை செய்துபோட்டுது. எறிய வேண்டாம். எனக்கு அதைத் திறந்து காட்டுங்கோ."

அவர்கள் பந்தயத்துக்குப் போகவில்லை. காரைக் கொட்டிலில் ஏற்றி, அண்ணனும் தங்கையுமாக மறுபடி பிரித்தார்கள். போல்ட்டுகளில் ஒவ்வொன்றாகத் திருகுச் சாவியைப் போட்டு அவளே முறுக்கிப் பார்த்தாள். ஒன்றும் இளகியிருக்கவில்லை. சத்தம் தட்டுகளிலிருந்துதான் வந்தது.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள். "எல்லாம் இறுக்கமாத்தான் இருக்கு. நான் பாத்தனான்."

"எல்லாமோ?"

"ஓம். எல்லாம்."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அழுகையில் முதுகு குலுங்கியது. விலா எலும்பு நோகும் என்று அவள் அவன் வலது தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சோமசேகரம் கப்பலுக்குப் போய், அடுத்த தடவை இங்கிலாந்து போனபோது சரியான ஒயிலை வாங்கி அனுப்பினான். பஞ்சலிங்கத்தின் இடது கை அதற்குப் பிறகு தோளுக்கு மேல் எழும்பவில்லை. பாரமான வேலைகளை விட்டுச் சின்னக் கடைசலுக்கு மாறினான். மறு வருடம் அவர்கள் மலைநாட்டுக்குப் போனார்கள். மீனாம்பிகை இரண்டாவதாக வந்தாள். மேலே முடிவிடத்தில் போர்வையைப் போர்த்துக்கொண்டு நின்ற பஞ்சலிங்கம், கார் வந்து நின்றதும் எஞ்சின் மூடியில் கையை வைத்துக் குளிர் காய்ந்தான்.

"எனக்குப் பசிக்குது," என்றாள் அவள், தலைக்கவசத்தைக் கழற்றியபடி.

"சோத்துப் பார்சல் ஆறிப்போச்சு," என்றான் அவன். "இறங்கு, மூடியிலை வைச்சுச் சூடாக்குவம்."