சாவி யார் பாக்கெட்டில்

எங்கள் வீட்டில் மூன்று மாதமாக ஒரு சொல்லை யாரும் சொல்லவில்லை. ஓகே என்கிற சொல். குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்டால் போதும் என்பேன், சரி என்பேன், இல்லாவிட்டால் தலையை ஆட்டிவிட்டுப் போவேன். என் மனைவி சந்தனமாரியும் அப்படித்தான். இப்படி இருப்போம் என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டதில்லை, தானாக வந்தது.

காரணம் நான்தான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் பின் பிரேக் ஸ்டேஷனில் இருக்கிறேன். இப்போது வரும் கார்களில் கையால் இழுக்கிற ஹேண்ட் பிரேக் கிடையாது. சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச்தான். அதை விரலால் தூக்கினால் பின் சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டார் சுற்றி, பிஸ்டனைத் தள்ளி, பிரேக் பேடுகளை இறுக்கிவிடும். லைனில் பேச்சிராஜ் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று போல்ட்டை முறுக்குவான். கையை வெளியே எடுத்ததும் "ஓகே" என்று கத்துவான். நான் சீட்டில் உட்கார்ந்து சுவிட்சைத் தூக்குவேன். மோட்டார் உய்யென்று கத்தும், சிவப்பு விளக்கு எரியும், அடுத்த வண்டி வரும். ஷிஃப்டுக்கு முந்நூறு வண்டி. இப்படி மூன்று வருஷம். அந்தச் சொல்லுக்கும் என் விரலுக்கும் நடுவில் மூளைக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

சந்தனமாரிக்கு நேர் எதிரான வேலை. நாங்கள் மாட்டியதை அவள் கழற்றுவாள். தென்காசியில் ஐ.டி.ஐ. படித்தவள். வல்லக்கோட்டை ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பதினோரு மெக்கானிக்குகளில் அவள் ஒருத்திதான் பெண். மோட்டார் வைத்த பின் பிரேக் என்றால் அந்த வண்டி அவளிடம்தான் போகும். முதலில் வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுகிற ஸ்கேனரைச் செருகி, வண்டியைச் சர்வீஸ் மோடில் போட வேண்டும். மோட்டார் பின்வாங்கி பிஸ்டனுக்கு வழிவிடும். அப்புறம் வண்டியை ஆஃப் செய்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும். யார் கை உள்ளே இருக்கிறதோ அவர் பாக்கெட்டில்தான் சாவி இருக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். ஒருமுறை வண்டிக்காரரே வந்து சாவி கேட்டதற்கு, "கை வெளிய வந்த பொறவு கேளுங்க சார்" என்று சொல்லி அனுப்பியவள் அவள்.

ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கிய காருக்குப் பின் பேடு மாற்றினோம். அந்த வண்டி எங்கள் கம்பெனியில் செய்தது, நானே மாட்டியதாகக்கூட இருக்கலாம் என்று நான் அளந்துகொண்டிருந்தேன். அவள் நைட்டியில் இருந்தாள். சர்வீஸ் மோடில் போட்டுவிட்டு, "ஆஃப் பண்ணிட்டு சாவிய நீங்களே வச்சுக்கிடுங்க. இதுல பாக்கெட்டு இல்ல. நீங்கதானே" என்றாள். வேறு யாரிடமும் அவள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். நான் ஆஃப் செய்யவில்லை. டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில், வண்டி ஃபேனில் காற்று வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான் காரணம். அவள் பழைய பேடுகளை எடுத்துவிட்டு, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். கிழியவில்லை. "ஓகே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

என் விரல் சுவிட்சைத் தூக்கிவிட்டது. எங்கள் மாடல் வண்டியில் சுவிட்சைத் தூக்கினால் சர்வீஸ் மோடு போய்விடும். மோட்டார் சத்தம் கேட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது. பதறிப்போய் பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கினேன். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "பிரேக்க மிதிச்சிராதிய. ஸ்கேனர்ல மூணாவது வரிய அமுக்குங்க." விரல் இரும்புக்கு நடுவில் மாட்டியிருக்கும்போது அவ்வளவு நிதானமாகச் சொன்னாள். மிதித்திருந்தால் பிஸ்டன் இன்னும் முன்னால் வந்திருக்கும், விரல் போயிருக்கும்.

மூன்றாவது வரியை அமுக்கினேன், மோட்டார் பின்வாங்கியது. விரல் போகவில்லை. வலது ஆள்காட்டி விரலின் நுனி எலும்பில் விரிசல், நகம் போய்விட்டது. இப்போது நகம் வளைந்து முளைத்திருக்கிறது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு ஆள் வந்து பழைய பேடுகளையே திரும்ப மாட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து வண்டி ஷெட்டுக்குள்ளேயே நின்றது. புதுப் பேடு டப்பா ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது.

அவள் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், பதிலுக்குக் கத்துவேன், ராத்திரிக்குள் சரியாகிவிடும். அப்படித்தான் நாலு வருஷம் ஓட்டினோம்.

கட்டுப் பிரித்ததும் ஒர்க்‌ஷாப் மேனேஜர் ஜெபகுமார் அவளைக் கொஞ்ச நாளைக்குக் கவுண்டரில் உட்காரச் சொன்னார். ஏசி அறை, சுழலும் நாற்காலி, வண்டியின் பழுதைக் கேட்டு ஜாப் கார்டு எழுதுகிற வேலை. மாடியிலிருக்கும் வீட்டுச் சொந்தக்காரம்மா சந்திரம்மாள் உட்பட எல்லோரும் நல்லது என்றார்கள். எனக்கு மட்டும் பொறுக்கவில்லை. முன்பெல்லாம் சாப்பிடும்போது எந்த வண்டியில் எந்த போல்ட் துருப்பிடித்திருந்தது, எப்படிக் கழற்றினேன் என்று சோறு ஆறும்வரை சொல்வாள். கவுண்டருக்குப் போன பிறகு சுத்தமான நகத்தோடு வந்து, பேசாமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவினாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சொன்னாள். "திங்கக்கெழமை முடிவு சொல்லணுமாம். கவுண்டர்லயே நிரந்தரமா இருக்கியா, திரும்ப வேலைக்கு எறங்குதியான்னு கேட்டாரு. கவுண்டர்லயே இருந்துருதேன்னு சொல்லப்போறேன்."

"என்னத்துக்கு?" என்றேன்.

"கைய உள்ள விடவே பயமா இருக்கு. நேத்து ஒரு வண்டிப் பக்கத்துல போய் நின்னு பாத்தேன். யார்ட்டயும் சொல்லல. வேர்த்துப்போச்சு."

நான் கத்தினேன். உனக்கு அறிவிருக்கிறதா, இவ்வளவு படித்துவிட்டு ஜாப் கார்டு எழுதப் போகிறாயா என்றெல்லாம் கேட்டேன். என்மேல் இருந்த கோபத்தை அவள்மேல் காட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். பிறகு நான் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே ஜெபகுமாரிடம் போனேன். "ஒருநாள் ஸ்கேனர் வேணும் சார்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை காரை ஷெட்டுக்கு வெளியே எடுத்து நிறுத்தினேன். சந்திரம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, இத்தினி நாளு சாமி மாரி உள்ள வெச்சிகினு இருந்த, இன்னிக்கி ஊர்வலமா?"

"பிரேக்குக்குப் பேடு மாத்தறேன்மா."

"நீயா?" என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த கிண்டலை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் கேட்டது நியாயம்தான். பிஸ்டனும் பேடும் இருக்கிற காலிபர் லட்சம் என் கண்முன்னால் மாட்டப்பட்டிருக்கிறது. ஒன்றைக்கூட நான் கழற்றியதில்லை. எங்கள் லைனில் எதுவும் பின்னோக்கிப் போகாது.

சந்தனமாரி துவைக்கிற கல் பக்கத்தில் வாளியோடு உட்கார்ந்திருந்தாள். பார்க்காத மாதிரி துவைத்தாள். நான் ஜாக்கியை வைத்தேன்.

"முன் சக்கரத்துக்குக் கல்லு வச்சியளா?" என்றாள், தலை நிமிராமல். "சர்வீஸ் மோட்ல பிரேக் இருக்காது. வண்டி உருளும்."

வைத்தேன். சக்கரத்தைக் கழற்றி ஸ்டாண்டு கொடுத்தேன். ஸ்கேனரைச் செருகி அந்தத் திரையை அப்படியும் இப்படியும் தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வந்து, என்னிடமிருந்து அதைப் பிடுங்கி நாலு தட்டுத் தட்டினாள். மோட்டார் உய்யென்றது. அவள் வலது கை தானாக மடங்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வண்டியை ஆஃப் செய்தேன். சாவியை எடுத்து அவளிடம் நீட்டினேன். "நீ வச்சுக்க மாரி."

"எனக்கெதுக்கு?"

"வச்சுக்க."

போல்ட்டைக் கழற்றினேன், பழைய பேடுகளை உருவினேன். ரப்பர் உறை தெரிந்தது. அன்று அவள் விரல் இருந்த அதே இடத்தில் என் வலது ஆள்காட்டி விரலை வைத்தேன். அவள் கார் கதவுப் பக்கம் சாவியோடு நின்றிருந்தாள்.

"இப்ப நான் வண்டிய ஆன் பண்ணி சுவிட்சத் தூக்குனா?" என்றாள்.

"தூக்கு. நான் கைய எடுக்கல."

அவள் செய்யமாட்டாள் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் முதுகு சில்லிட்டது. பிஸ்டன் விரலில் இடிக்கிறதா என்றே கவனித்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் நினைக்க முடியவில்லை. மூன்று மாதமாக அவளுக்கு இப்படித்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கவுண்டருக்குப் போகாதே என்று கத்த எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

"மாரி, நான் தப்பு பண்ணிட்டேன்" என்றேன். மூன்று மாதத்தில் இதை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

செருப்புச் சத்தம் என் பக்கம் வந்தது. குனிந்தாள். என் சட்டைப் பாக்கெட்டில் சாவியைப் போட்டாள். "கை யாரதோ, பாக்கெட்டும் அவுகளதுதான் இருக்கணும். இது கூடத் தெரியாம கழட்ட வந்துட்டிய" என்றாள். பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள்.

போனவள் வரவில்லை. அவ்வளவுதான், சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அவள் இஷ்டம் என்று உறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வந்தது, கை முழுக்கக் கறுப்பு, துடைக்கவும் முடியவில்லை. கதவுச் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன்.

நைட்டிக்கு மேல் ஒர்க்‌ஷாப் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். நீலச் சட்டை, இடது பக்கம் அவள் பெயர் தைத்தது, அதற்குக் கீழே பாக்கெட். கையில் புதுப் பேடு டப்பா. மாடியில் சந்திரம்மாள் சிரித்தது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்ன கோலம் இது?" என்றேன்.

"சாவி வைக்கப் பாக்கெட்டு வேணும்லா" என்றாள். "தள்ளுங்க. அந்த உறையத் தொடைக்கேன்னு கிழிச்சிருவிய."

என் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுப் பட்டனை மாட்டினாள். உட்கார்ந்தாள். கையைக் கொண்டுபோனாள், நிறுத்தினாள். பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி கொண்டுபோனாள். நெற்றி வேர்த்தது. மூன்றாம் முறை அந்த வளைந்த நகம் உள்ளே போனது.

அதற்கப்புறம் அவள் கை அதுபாட்டுக்கு ஓடியது. ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் போனாள். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. நடுவில், "இந்த போல்ட்ட எந்த மடையன் இவ்வளவு இறுக்கினது, உங்க ஆளுதானே?" என்றாள். கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சக்கரங்களை மாட்டுவதற்கு முன் பாக்கெட்டின் பட்டனைக் கழற்றிச் சாவியை என்னிடம் நீட்டினாள். "ஏறுங்க. மோட மாத்துங்க. கடேசி வரி. பொறவு பெடல் கெட்டியாகுற வரைக்கும் மிதிங்க."

ஏறினேன். ஆன் செய்தேன். கடைசி வரியை அமுக்கினேன். பெடலை மிதிக்க மிதிக்கக் கெட்டியானது. இனி சுவிட்சைத் தூக்கிப் பார்ப்பதுதான் பாக்கி. காத்திருந்தேன்.

பின்னாலிருந்து சத்தமாக, தெளிவாக வந்தது.

"ஓகே."

என் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. தூக்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன். வண்டியைச் சுற்றிப் பின்னால் போய் அவளைப் பார்த்தேன். அவள் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். நான் எதற்கு வந்தேன் என்று புரிந்ததும் கிரீஸ் படிந்த இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். பத்து விரலையும் பார்த்தேன்.

"சரியா இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"அப்ப போய்த் தூக்குங்க. இந்தச் சட்டைய வேற தொவைச்சுக் காயப்போடணும். நாளைக்கு வேலைக்கு வேணும்."

திரும்பிப் போய் உட்கார்ந்து சுவிட்சைத் தூக்கினேன்.