எண்பதாம் கதவு

2006ஆம் ஆண்டு சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஸ்ரீராம்புரத்தில் லட்சுமம்மா வீட்டு முன்னறையில் மட்டும் பனி பெய்தது. கூட்டி அள்ளினால் அரைப்படி இருந்திருக்கும். வெளியே வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. உள்ளே மேசை மேலிருந்த பழைய கம்ப்யூட்டரின் தலையிலும், மாலை போட்ட பச்சைமுத்துவின் படத்தின் மேலும், அதன் முன்னால் எரிந்துகொண்டிருந்த காமாட்சி விளக்கைச் சுற்றியும் பஞ்சு பஞ்சாக விழுந்தது. விளக்கு அணையவில்லை. மகள் ரூபினி திறந்த வாயை மூட மறந்து நின்றாள். ஒரு துளி அவள் நாக்கில் விழுந்து கரைந்தது. அது ருசியே இல்லாத குளிர்.

அடுத்த வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தவள் பச்சைமுத்துவின் தங்கை சந்திரம்மா. "இன்னாடி இது, ஃப்ரிட்ஜ உள்ள கவுத்துட்டியா?" என்று கேட்டுவிட்டு, பனியைக் காலால் தொட்டுப் பார்த்து, கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடினாள்.

இது எப்படி வந்தது என்பதைச் சொல்ல ஒரு மாதம் பின்னால் போக வேண்டும். தண்ணீர்க் குழாய்களின் வால்வைத் திறந்து மூடும் வேலை பார்த்த பச்சைமுத்து பங்குனியில் இறந்தார். ஸ்ரீராம்புரத்தில் சாவு விழுந்தால் பொழுது சாய்வதற்குள் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஏறிவிடும். மேலே படம், கீழே துயரத்தில் வாடுகிறவர்களின் பெயர்கள். அதில் ஒரே மகன் ரவியின் பெயர் இல்லை. அப்பா அலைந்து வாங்கித் தந்த வேலையை உதறிவிட்டு, "என் பொணத்தப் பாக்கக்கூட வராத" என்று அவர் சொல்லக் கேட்டு, ஒன்பது வருடத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போனவன் அவன். இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது. "கொள்ளி வைக்க வராதவன் பேரு எதுக்கு?" என்று அச்சகத்தில் நின்று பெயரை எடுக்கச் சொன்னவள் சந்திரம்மாதான். பதினாறாம் நாள், பந்தல் போட்டு, சமையல்காரர் அடுப்பு மூட்டிய பிறகு லட்சுமம்மா சொன்னாள்: "பெரியவன் வராம காரியம் இல்ல. வெளக்கையும் அணைக்க மாட்டேன்." உறவுக்காரர்கள் சாப்பிடாமலே திரும்பிப் போனார்கள். அப்படி ஒரு காரியம் நின்றதை அந்தத் தெரு அதுவரை கண்டதில்லை.

சுவரில் ஒட்டிய போஸ்டர் ஸ்ரீராம்புரத்தைத் தாண்டாது. ரூபினி எலெக்ட்ரானிக் சிட்டியில், பிறருடைய வலைத்தளங்களைத் தன் கம்ப்யூட்டர்களில் வைத்துக் காக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். போஸ்டரை அங்கே ஏற்றிவிட்டால் உலகமே பார்க்கும் என்றாள். அம்மா ஒப்பவில்லை. "சாவு சேதி சாவு வூட்லேர்ந்துதான் கெளம்பணும். வாடகைக்கு எடுத்த எடத்துலேர்ந்து அனுப்புவியா?"

எனவே வீட்டிலிருந்தே கிளம்ப ஏற்பாடானது. இது ஒன்றும் பெரிய வித்தையில்லை. வலைத்தளம் என்பது ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு கோப்பு. யாராவது கேட்டால் அதை எடுத்துக் கொடுக்க அந்தக் கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கம்பெனி கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்து, விளக்குக்குப் பக்கத்தில் வைத்து, டெலிபோன் கம்பியில் வரும் பிராட்பேண்டோடு ரூபினி இணைத்தாள். கரண்ட் போனால் அது அணையாதிருக்க ஒரு பேட்டரிப் பெட்டி. லட்சுமம்மாவுக்கு அது உடனே பிடிபட்டது. விளக்கும் அணையக் கூடாது, இதுவும் அணையக் கூடாது.

ரூபினி பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அப்பா படம் பளிச்சென்று வந்தது. நாள்தோறும் பார்த்து மகிழ்ந்தாள். பிறகு அலுவலக நண்பன் டென்சில் போன் செய்தான். "ஒண்ணும் வரலம்மா, வெள்ளையா நிக்குது. வூட்டுக்குள்ளயே ஒக்காந்து நீயே பாத்துக்கினா எப்படி?" அவன் சொன்னது சரி. தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவில் மோடம் காவல்காரனைப் போல நிற்கிறது. வெளியிலிருந்து வருகிறவனை யாரிடம் அனுப்புவது என்று அதற்குச் சொல்லி வைக்கவில்லை. ஒரு கம்ப்யூட்டருக்குப் பல்லாயிரம் கதவுகள் உண்டு. பக்கம் கேட்டு வருகிறவர்கள் தட்டுவது எண்பதாம் கதவை. எண்பதில் தட்டினால் விளக்குப் பக்கத்து மேசைக்கு அனுப்பு என்று ரூபினி மோடத்துக்குச் சொன்னாள். கை மாறி ரவிக்கும் போய்ச் சேரட்டும் என்று, ஊரைவிட்டுப் போன ஸ்ரீராம்புரத்துக்காரர்களுக்கெல்லாம் முகவரியை ஈமெயிலில் அனுப்பினாள். சற்று நேரத்தில் கனடாவிலிருந்து ஒருவர் பக்கத்தைத் திறந்தார். பனி பெய்தது.

யார் பார்த்தாலும் அவர் இருக்கும் இடத்து வானிலை அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தது. லண்டன்காரர் பார்த்தால் தூறல். சிங்கப்பூர்க்காரர் பார்த்தால் சுவரெல்லாம் வியர்க்கும். கப்பலில் சமையல் வேலை செய்த ஒருவர் நடுக்கடலில் பார்த்தபோது அம்மியில் உப்புப் படிந்தது. ரூபினி கம்ப்யூட்டருக்குக் குடை கட்டினாள். அவள் அதுவரை தானே பார்த்துக்கொண்டிருந்தபோது ஸ்ரீராம்புரத்து வெயில்தான் ஸ்ரீராம்புரத்து வீட்டுக்குள் வந்திருந்தது; அதை யார் கவனிப்பார்கள்? தெருவே வந்து வாசலில் நின்று வாயில் கைவைத்தது. சந்திரம்மா மட்டும் சீக்கிரம் தெளிந்து, துபாயிலிருந்து யாராவது பார்க்கும் சமயமாகக் கூழ்வடகத் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். ஆனால் லட்சுமம்மா எந்தக் காற்று வந்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "இது அவன் இல்ல."

ஒரு மத்தியானம் தெருவில் நல்ல வெயில். அறைக்குள் படபடவென்று ஆலங்கட்டி விழுந்தது. கூடவே செம்மண் வாசனை. லட்சுமம்மா ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டாள். அவள் முகம் வெளிறியது.

"இது வெளியூரு இல்லடி. நம்ம ஊரு மழ. அவன்தான்."

ரூபினி கம்ப்யூட்டரின் பதிவைப் பார்த்தாள். கேட்டவர் இந்த நகரத்துக் கம்பியிலிருந்துதான் கேட்டிருந்தார். அன்றைக்கு மட்டுமில்லை, தினமும் சாப்பாட்டு நேரத்தில். நம் வெயிலும் அவர் வெயிலும் ஒன்றாகவே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அப்போதே சந்திரம்மாவின் செல்போன் அடித்தது. ஆனேக்கல்லில் கட்டிக்கொடுத்த மகள். "அம்மா, இங்க கோலிகுண்டு சைஸுல ஆலங்கட்டி! ஓடெல்லாம் போச்சு."

மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். துபாய், கனடா என்று உலகம் முழுக்க அவர்கள் தேடியவன் ஒரு பஸ் தூரத்தில் இருந்தான்.

"தெனம் பாக்கறான், வர மாட்டேங்கறானே, ஏன்டி?" என்றாள் லட்சுமம்மா.

ரூபினி பக்கத்தை அவன் கண்ணால் படித்தாள். மனைவி, மகள், தங்கை. அதோடு முடிந்தது. பிணத்தைப் பார்க்க வராதே என்று அப்பா சொன்னார். அதையே குடும்பமும் சேர்ந்து சுவரில் ஒட்டி, உலகத்துக்கு அனுப்பியிருந்தது. சந்திரம்மா தரையில் விழுந்த கட்டிகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "எழுதுடி. பேச்ச வுட்டுட்டு மொதல்ல எழுது."

சுவர் போஸ்டரை மாற்ற அச்சகம் வேண்டும், பசை வேண்டும். சொந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் பக்கத்துக்கு விசைப்பலகை போதும். சேமித்த நொடியிலிருந்து, அடுத்துக் கேட்கிறவனுக்குப் புதியதே போகும். எல்லாப் பெயர்களுக்கும் மேலே ரூபினி தட்டினாள்: மகன் ரவி.

ஆலங்கட்டி நின்றது. அவன் பக்கத்தை மூடிவிட்டான். மூவரும் மூச்சுவிடாமல் கூரையைப் பார்த்தபடி நின்றார்கள். அவன் இன்னொரு முறை கேட்டால்தான் தெரியும். கேட்காமல் எழுந்து போயிருந்தால் நாளை மத்தியானம்வரை காத்திருக்க வேண்டும். சந்திரம்மா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போது ஒரே ஒரு கட்டி டங்கென்று குடையில் விழுந்தது. பின்னால் மழை பிடித்துக்கொண்டது, விடாமல், அப்படி யாரும் ஒரு பக்கத்தை அதுவரை பார்த்ததில்லை. பிறகு அதுவும் நின்றது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வாசலில் ரவி நின்றான். தெரு காய்ந்து கிடந்தது. அவன் தலைமயிரில் ஆலங்கட்டி இன்னும் கரையாமல் இருந்தது.

"தலையத் தொவட்டுடா மொதல்ல" என்றாள் லட்சுமம்மா.

காரியம் நடந்தது. ரவி மொட்டையடித்துக்கொண்டான். விளக்கை மலையேற்றினார்கள். கம்ப்யூட்டரை மட்டும் யாரும் அணைக்கவில்லை, அது அப்படியே ஓடியது. ரவி ஆனேக்கல்லில் லேத் பட்டறை வேலைக்குத் திரும்பினான். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் பக்கத்து இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து பக்கத்தைத் திறப்பான். லட்சுமம்மா சமையற்கட்டிலிருந்து கையை மட்டும் முன்னறைக்குள் நீட்டிப் பார்ப்பாள்.

"சாப்ட்டான்" என்பாள். "சந்திரா, வடகத்த எடு. அவன் ஊர்ல தூறுது."