கடைசி வெளிச்சத்தில் இரண்டு ஸ்கோப்புகள்

ஒரே வருடத்தில் யாகென் தன் துப்பாக்கிக்கு வாங்கிய மூன்றாவது குறிபார்க்கும் ஸ்கோப் அது. முதலாவதில் விளிம்பு கலங்கல் என்றான். இரண்டாவதில் குறுக்குக்கோடு சரியில்லை என்றான். எங்காதின் என்ற அந்த மலைப் பள்ளத்தாக்கில் ஸ்கோப் கண்ணாடியைக் குறை சொல்லாத வேட்டைக்காரன் கிடையாது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மனிதன் கண்ணைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டான்.

கோளாறு கண்ணில்தான். வலக்கண்ணின் நடுப்பகுதி செத்துக்கொண்டிருக்கிறது, இடக்கண்ணிலும் தொடங்கிவிட்டது என்று கூர் நகரத்து டாக்டர் வசந்தத்திலேயே சொல்லிவிட்டார். ஓரங்களில் எல்லாம் தெரியும். எதை நேராகப் பார்க்கிறானோ அது மட்டும் அழிந்துபோகும். இதை மனைவி பிரைதாவிடம்கூட அவன் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் வேட்டை உரிமம் போய்விடும். செப்டம்பர்தான் வேட்டை மாதம், வேட்டை இல்லாத செப்டம்பரை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. விலை உயர்ந்த கண்ணாடி எப்படியாவது காப்பாற்றிவிடும் என்று பிடிவாதமாக நம்பினான்.

அந்த வருட வேட்டைக்கு மலைக்குடிசையில் அவனோடு தங்கியிருந்தவன் பிரைதாவின் தம்பி நுவோத். போட்டிகளில் சுடுகிறவன். முதல் நாள் சாயங்காலம் இருவரும் துப்பாக்கிகளைக் காலி செய்து முதுகுப்பைகள் மேல் சாய்த்து, எதிர்ச்சரிவைப் பார்த்தபடி படுத்துக்கொண்டார்கள். இருட்டும்வரை யாருடைய ஸ்கோப்பில் அதிகம் தெரிகிறது என்று பார்ப்பது வருடாவருடம் நடக்கும் பந்தயம். தோற்றவன் பாத்திரம் கழுவ வேண்டும்.

"என்ன மச்சான், புது மாப்பிள்ளைக்குச் சவரம் பண்ற மாதிரி தொடச்சிக்கிட்டே இருக்க?" என்றான் நுவோத்.

"உன்னோடது மட்டும் ஸ்கோப்பா? குழாய்க்கடை மாதிரி அத்தனை திருகு. நீ திருகி முடிக்கிற வரைக்கும் மான் நிக்குமா?"

"ஒவ்வொரு க்ளிக்கும் சொன்ன இடத்துல போய் நிக்கும். அறுநூறு மீட்டர்ல முட்டைய உடைப்பேன், தெரியும்ல?"

"இருட்டுல உடைடா பாப்போம்."

நுவோத் சிரித்துவிட்டான். அவன் ஸ்கோப்பின் பலவீனம் அதுதான். போட்டியில் தூரத்து இலக்குத் தகடுகளுக்காகச் செய்த மயிரிழைக் கோடுகள் அந்தி வந்ததும் காணாமல் போகும். உருவத்தைப் பெரிதாக்க ஆக்கப் படமும் இருளும். யாகெனுடையது வேட்டைக்கென்றே செய்தது. மூன்று பக்கமிருந்து தடித்த கோடுகள், நடுவில் ஒளிரும் சிவப்புப் புள்ளி, மிச்சமிருக்கும் வெளிச்சத்தையெல்லாம் அள்ளித் தரும் கண்ணாடி. தரத்தில் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை, வேலைதான் வேறு.

"கல்லுச் சரிவுக்குக் கீழ ஏதோ அசையுது. எனக்கு இருட்டிருச்சு, நீ பாரு."

யாகென் பார்த்தான். ஓரக்கண்ணில் பழுப்பாக ஒரு திட்டு. நேராகத் திரும்பியதும் அது போய்விட்டது. சிவப்புப் புள்ளிகூட ஒரு கறையாகத்தான் தெரிந்தது.

"பெண்மான். தனியா நிக்குது, குட்டி இல்ல."

"மடி?"

"வத்திப்போயிருக்கு."

"மடி வரைக்குமா தெரியுது?"

"அதுக்குத்தானே வாங்கினேன்."

நுவோத் விசிலடித்தான். "சரி, தோத்தேன். பாத்திரத்த எடு."

பால் கொடுக்கும் பெண்மானை அங்கே சுடக் கூடாது. தவறிச் சுட்டவன் தானே வனக்காவலரைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும். யாகெனுக்கு அது மனப்பாடம். பந்தயத்துக்காகச் சொன்ன பொய்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு பார்லி சூப்பைக் குடித்தான். ஆனால் நுவோத் அதை அப்படியே நம்பிவிட்டான்.

விடிந்ததும் அதே சரிவில் அதே மான். "நான் சுத்திப் போயி ஓடைப் பக்கம் நிக்கிறேன், மேல ஏறாம பாத்துக்கறேன். வசதியா நின்னா நீ சுடு" என்று சொல்லிவிட்டு நுவோத் இறங்கிப் போனான். யாகென் பாறை மேல் துப்பாக்கியைத் தாங்கினான். தடித்த கோடுகள் மூன்றும் எங்கே கூடவேண்டுமோ அந்த இடத்தை ஊகித்து, அந்தப் பழுப்பை அதற்குள் கொண்டுவந்தான். சுட்டான். மான் விழுந்தது. இன்னும் முடிகிறது என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

நுவோத் வந்து கை குலுக்கினான். பிடித்த கையை அவன் விடவே இல்லை, சந்தோஷம்தான் என்று யாகென் நினைத்தான். வழக்கப்படி ஒரு பைன் கிளையை ஒடித்துக் கடைசி வாய் உணவாக மானின் வாயில் வைத்தார்கள். பிறகு வயிற்றைக் கிழிக்க நுவோத் அதைப் புரட்டினான். கத்தி அசையவில்லை.

"மச்சான்."

"என்ன?"

"பால்."

அவன் விரல்களில் அது வெள்ளையாக வடிந்தது. அடுத்து வனக்காவலரோடு போனில் பேசிய யாகெனின் குரலில் பந்தயமும் கேலியும் இல்லை. காவலர் மானைக் கீழே கொண்டுவரச் சொன்னார். இந்த வயதுக் குட்டி தாயில்லாமல் பனிக்காலத்தைத் தாண்டாது, வந்தால் அதையும் முடித்துவிடச் சொன்னார்.

தேட வேண்டியிருக்கவில்லை. சற்று நேரத்தில் அதுவே கத்திக்கொண்டு வந்தது.

"நீதான் சுடணும். தப்புப் பண்ணவன்தான் முடிக்கணும்" என்று நுவோத் கிசுகிசுத்தான். "சீக்கிரம். பாவம்டா அது."

யாகென் துப்பாக்கியைத் தூக்கினான். பள்ளத்தாக்கிலேயே நல்ல கண்ணாடி. அதற்குள் புல், இன்னும் புல், சிவப்பாக ஒரு கறை. கத்தல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"எங்க?"

"நேரா. கல்லெறியற தூரம்."

"எங்கடா?"

நுவோத் குட்டியை விட்டுவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தான்.

"தெரியலடா" என்றான் யாகென். "நடுவுல ஒண்ணுமே தெரியல."

"நேத்து?"

"நேத்தும் தெரியல."

நுவோத் தன் துப்பாக்கியை எடுத்தான். ஒரே சத்தம், கத்தல் நின்றது. பிறகு துப்பாக்கியைக் காலி செய்து புல்லில் வைத்தான்.

"மச்சான், நீ சுடும்போது நான் அந்த மானுக்குப் பின்னாடி நின்னேன். ஓடைக்கு இன்னும் போய்ச் சேரல, இருன்னு கையக் காட்டினேன். குண்டு காதுகிட்ட போச்சு. நீ என்னப் பாத்துட்டு, விலக்கித்தான் சுட்டிருப்பேன்னு நெனச்சேன்." அவன் கிட்டே வந்து நின்றான். "என்னப் பாத்தியா?"

யாகென் அவனை நேராகப் பார்த்தான். தொப்பி தெரிந்தது, தோள்கள் தெரிந்தன. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

"இல்ல" என்றான்.