தும்மலுக்கு விட்ட இடம்

ஸ்பீக்கர் ஒயரை அவன் செருகியபோது மாமியார் கட்டில் விளிம்பில், கைப்பையை மடியில் வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். காலை பத்து மணி. போனில் இருந்த மகளின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத் தேய்த்துவிட்டாராம். புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு வந்திருந்தார். பேச்சு இல்லை, ஒரு தும்மல்தான் இருக்கிறது என்றான். அதையே போடச் சொன்னார்.

மனைவி போய் ஏழு மாதம். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அன்றிலிருந்து பல்வலிகூட வேறு யாருக்கோ வலிப்பது போலிருந்தது. இந்தப் பதிவை அவன் தொடவே இல்லை. இதைக் கேட்டும் ஒன்றும் ஆகவில்லை என்றால்? அந்தப் பயம்தான்.

அவள் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. தும்மினால் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும். வீட்டில் பெரிய சத்தங்களைப் பதிவு செய்வதுதான் அவன் பொழுதுபோக்கு: குக்கர் மூடி விழுவது, பலூன் வெடிப்பது. இவள் தும்மல் மட்டும் பிடிபடவில்லை. மூன்று முறை மிளகுப்பொடியை முகர்ந்தாள்; மூன்று முறையும் சத்த அளவு காட்டும் முள் சிவப்பில் முட்டி, சத்தம் துணி கிழிந்தது போல வந்தது. கடைசியில் பீரோமேல் போர்வையைத் தொங்கவிட்டு, மைக்கை மூலைக்கு நகர்த்தி, பதிவின் அளவைப் பாதிக்கும் கீழே இறக்கி, தும்மல் முட்டாமல் எழும்ப மேலே இடம் விட்டான்.

"கூரைய ஏத்தியாச்சா? இந்தத் தடவ தலை இடிக்காதே?" என்று கேட்டாள் அவள்.

இப்போது பதிவு ஓடியது. அறையில் ஒரு சத்தமும் இல்லை.

"ஒண்ணுமே வரலையே, மாப்ள."

"பெருசுக்காக வச்ச அளவு, அத்தை. சின்னதெல்லாம் அடியில கெடக்கும்."

மெல்லியதைத் தூக்கி, பெரியதை அமுக்கிச் சமமாக்கும் பொத்தான் ஒன்று உண்டு. விரல் அதுவரை போய்த் திரும்பியது. அவள் ஒருநாளும் சமமாக இருந்ததில்லை. ஸ்பீக்கர் கிழிந்தாலும் கிழியட்டும் என்று வால்யூமை முழுக்கத் திருகி, முதலிலிருந்து போட்டான்.

மின்விசிறியின் முனகல் வந்தது. வளையல் உரசியது. மூச்சு மெல்ல உள்ளே இழுபட்டது. பிறகு, காதோடு சொல்வது போல, "இரு... வருது."

பேச்சும் இருந்திருக்கிறது. அவனுக்கே அது தெரியாது.

தும்மல் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாமியாரின் கைப்பை தரையில் விழுந்தது. ஒரு கிழிசலும் இல்லை. அடி முதல் நுனி வரை முழுசாக, அவளேதான்.

"நூறு" என்றார் மாமியார்.

பிள்ளை தும்மும்போதெல்லாம் ஆயுசு நூறு என்று வாழ்த்திப் பழகிய வாய். சொன்ன பிறகுதான் புரிந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பதிவில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு முதலில் தொண்டை வலித்தது, பிறகு கண். வலி தன்னுடையதாகவே இருந்தது.

"நல்லவேளை வந்தீங்க, அத்தை" என்றான்.

அவர் பையை எடுக்கவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டான். மின்விசிறி, வளையல். மகள் மூச்சை இழுக்கும் இடம் வந்ததும் அவரும் கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டார். உதட்டில் இருநூறு காத்திருந்தது.