புகைபோக்கியின் விட்டம்

"அந்த ஸ்கேன் படத்தைத் திறங்க டாக்டர். மூச்சுக்குழாயை என் கண்ணு முன்னால அளந்து காட்டுங்க."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தாள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், அதுவும் நில அளவையில். அளக்காமல் ஆள் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா இங்கே ஜெர்மனியில், ஓல்டன்பர்கில், முப்பது வருடமாகப் புகைபோக்கி துடைக்கிறார். அவருடைய கறுப்புச் சட்டையின் மஞ்சள் பொத்தானைத் தொட்டால் அதிர்ஷ்டமாம். ஊரே தொடும். டாக்டர் ஆலர்ஸும் தொட்டுவிட்டுத்தான் உட்காருவார். அப்புறம் தீர்ப்பு: நுரையீரலில் கரி. குளிர்காலம் தவறாத நிமோனியா, பீப்பாய்க்குள் நாய் குரைப்பது போன்ற இருமல், எல்லாவற்றுக்கும் கரிதான். எங்கள் ஊரில் புகைபோக்கிக்காரர் இருமினால் வேறு காரணம் யாருக்கும் தோன்றாது. இன்று மேசையில் ஒரு படிவம். கையெழுத்துப் போட்டால் தொழில்நோய் என்று பதிவாகும். அப்பா இனி கூரை ஏற முடியாது.

"அறிக்கையே வந்தாச்சும்மா. மூச்சுக்குழாய்ல அளக்க என்ன இருக்கு?"

"ரெண்டு சொடுக்குதானே. சொடுக்குங்க."

"விடு வீப்கே," என்றார் அப்பா. "மனுஷன் பொத்தான் வேற தொட்டுட்டாரு."

ஆலர்ஸ் நாங்கள் கொண்டுவந்த ஸ்கேன் குறுந்தகட்டைப் போட்டுச் சொடுக்கினார். முப்பத்தாறு மில்லிமீட்டர். மறுபடி சொடுக்கினார். அதே முப்பத்தாறு.

"ஆம்பளைக்கு முப்பதைத் தாண்டினாலே சந்தேகப்படணும்," என்றேன். "குழாயே ஊதிப்போற நோய் ஒண்ணு இருக்குன்னு படிச்சேன். அபூர்வம்தான். அளந்தா தெரியும்."

அப்பா திரையை எட்டிப் பார்த்தார். "இவ்வளவு அகலமா? புகையை மேல தூக்கற இழுவையே இருக்காதே. உள்ள இருக்கறது உள்ளயே தங்கிடும்."

"கரிதான் அகலமாக்கியிருக்கும்," என்றார் ஆலர்ஸ்.

"கரி படிஞ்சா குழாய் சுருங்கும் டாக்டர். விரிஞ்சு நான் பாத்ததே இல்ல," என்றார் அப்பா.

ஆலர்ஸின் காது சிவந்தது. "கையெழுத்துப் போடுங்க. மத்ததை அப்புறம் பாக்கலாம்." படிவத்தைத் தள்ளிய கை, பழக்கதோஷத்தில், பொத்தானை நோக்கி நீண்டது.

அப்பா நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

பெரிய மருத்துவமனையில் வியாழக்கிழமைக்குப் போன வாரமே நேரம் வாங்கியிருந்தேன். இவர் வாயால் ஒரு எண் கேட்கத்தான் வந்தேன். அதையும் சொல்லாமல் திரையில்தான் காட்டினார். குறுந்தகட்டைப் பையில் போட்டு, படிவத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு வெளியே நடந்தேன். பின்னால் அப்பா குரைத்துக்கொண்டே வந்தார்.