இரண்டு பூட்டு

"பேசிக்கிட்டே வாங்கம்மா. பேச்ச விட்டுறாதீங்க" என்றார் லாட்ஜ் மேனேஜர் அடைக்கலம், மாடிப்படித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கியபடி.

செங்கமலம் தன் அப்பாவின் வலது கையைத் தோள்மேல் போட்டு இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தாள். இடது பக்கம் அடைக்கலம். நடுவில் பிச்சைமுத்து. தலை சாயாமல் இருக்க அவருடைய துண்டையே தாடையோடு சேர்த்து உச்சியில் முடிந்திருந்தார்கள். பல்வலிக்காரர் மாதிரி இருந்தார்.

"பாத்து ஐயா. படி இருக்கு. கால எடுத்து வைங்க."

கால்கள் ஒவ்வொரு படியாக இழுபட்டு இறங்கின. கீழே வேப்பங்குச்சியோடு நின்ற ஆள் நிமிர்ந்து பார்த்தான்.

"பெரியவருக்கு என்ன?"

"ராத்திரி பூராத் தூக்கமில்லண்ணே. மூட்டப்பூச்சி" என்றாள் செங்கமலம்.

"அதானே பாத்தேன். இங்க ரூமெல்லாம் பூச்சிக்குத்தான் விட்டிருக்காரு மேனேஜரு. நாமெல்லாம் அதுகளுக்குச் சாப்பாடு."

அடைக்கலம் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தார்.

அதற்குச் சற்று முன், விடியும் நேரத்தில் செங்கமலம் விழித்தபோது அப்பா மல்லாந்து படுத்திருந்தார். கண்கள் திறந்திருந்தன. அவள் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே ஓடி அடைக்கலத்தை எழுப்பினாள். அவர் வந்து மூக்கருகே புறங்கையை வைத்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

"ரூமுல உசுரு போயிருச்சுன்னு வெளிய தெரிஞ்சா போலீசு வரும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயி அறுப்பாங்க. அப்புறம் இந்த ரூமுக்கு எவனும் வரமாட்டான். ஒங்க ஊருல எப்படி? வெளியூருல செத்தவர உள்ள விடுவாங்களா?"

விடமாட்டார்கள். எல்லைக் கல்லுக்கு வெளியிலேயே வண்டி நின்றுவிடும். அங்கிருந்து நேராகச் சுடுகாடு. அவளுடைய சித்தப்பா மாட்டுச் சந்தைக்குப் போன இடத்தில் செத்தபோது அப்படித்தான் நடந்தது. சித்தி எல்லைக் கல்லைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து அப்பா வெளியூரில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை.

"அப்ப, இவரு உசுரோட எறங்குறாரு. வீட்டுல போயிக் கண்ண மூடுறாரு. என்னம்மா?"

அவள் தலையாட்டினாள்.

கண் புரைக்காக வந்த பயணம். காலையில் முதல் ஆளாக டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று புதுக்கோட்டைக்கு முதல் நாளே பஸ் ஏறினார்கள். அப்பாவைச் சம்மதிக்க வைத்தது டாக்டர் அல்ல, லாட்ஜ். கோர்ட்டு வழக்குக்கு வந்துபோன பங்காளி ஒருவர், மாடியில் மெத்தைக் கட்டிலாம், தலைக்கு மேலே கரண்டுக் காத்தாடியாம் என்று சொல்லி வைத்திருந்தார். "அதுக்குக் கீழ ஒருநாள் படுத்துப் பாத்துருவோம்த்தா" என்று பங்குனி வெயிலில் கிடந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

அறைக்கு ஜன்னல் இல்லை. சுவரில் யாரோ வெற்றிலை எச்சிலைத் துப்பியிருந்தார்கள். மெத்தை, வைக்கோல். காத்தாடி இருந்தது. ஓடவில்லை. கரண்ட் விடியத்தான் வரும் என்று சொல்லி அடைக்கலம் ஓர் அரிக்கேன் விளக்கைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"காத்தாடி ஓடுதாத்தா?"

அப்பாவுக்கு விளக்கு வெளிச்சம் மட்டும் மங்கலாகத் தெரியும். அவள் மேலே பார்த்தாள்.

"ஓடுதுங்கய்யா."

"சத்தத்தையே காணமே."

"புதுசு. சத்தம் வராது."

அவள் தலைமாட்டில் நின்று முந்தியை விரித்து வீசத் தொடங்கினாள்.

"ஆமா, வருது" என்றார். முகத்தைக் காற்றுக்குத் திருப்பி வைத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து, "போதும்த்தா. வீட்டுக்குப் போயிரலாம்" என்றார்.

"கடைசி பஸ்ஸு போயிருச்சுங்கய்யா."

"நடந்துருவோம். கம்பு இருக்குல்ல."

கை ஓயும்வரை வீசினாள். எப்போது உட்கார்ந்தாள், எப்போது கண் அசந்தது என்று நினைவில்லை.

விடிந்து, அவரைத் தூக்கி நிறுத்தியபோதுதான் கரண்ட் வந்தது. பல்பு மினுங்கியது. காத்தாடி கிறீச்சிட்டு அசைந்து, பிறகு ஓடத் தொடங்கியது. அடைக்கலம் சிலுவை போட்டுக்கொண்டார். "கதவப் பூட்டிட்டு வாங்கம்மா" என்றார். அவள் ஒரு கையால் அப்பாவைத் தாங்கிக்கொண்டு மறு கையால் பூட்டினாள். காத்தாடி உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் வாடகைக் கார் நின்றது. ஓட்டுபவர் சேக் அலாவுதீன், வயதான பாய். பின் சீட்டில் அப்பாவைச் சாய்த்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊரைத் தாண்டியும் பேசிக்கொண்டே வந்தாள். கடைத்தெரு வந்துருச்சுங்கய்யா. கம்மாய் தெரியுது, தண்ணியே இல்ல. அப்பாவிடம் ஒரே மூச்சில் இவ்வளவு அவள் பேசியதில்லை. கட்டிக் கொடுத்த இடத்திலிருந்து தாலி இல்லாமல் திரும்பி வந்த அன்றுகூட அவர் "சாப்பிட்டியா" என்றார், அவள் "ம்" என்றாள். அவ்வளவுதான்.

பொன்னமராவதி ரோட்டில் பாய் கண்ணாடியில் பார்த்தார்.

"அம்மா."

"ம்."

"பெரியவரு கண்ண மூடி விடுங்க. தூசி விழுகுது."

அவள் பேச்சை நிறுத்தினாள். கையை நீட்டி மூடிவிட்டாள். எல்லைக் கல் வந்தபோது பாய் வண்டியை மெதுவாக்கி, ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டுத் தாண்டினார்.

அண்ணன் முத்துராமன் அப்பாவைக் குழந்தையைப் போல் அள்ளிக்கொண்டு போய் அவருடைய அறையில் கட்டிலில் கிடத்தினான். 

"ஒடம்பு சில்லுன்னு இருக்கே?"

"கார்ல காத்துண்ணே."

அவன் அவளையே பார்த்தான். மதினி ராக்காயி பாலோடு ஓடி வந்தாள். தெருவே அறைக்குள் நின்றது. முத்துராமன் சங்கில் பாலை எடுத்து ஊற்றினான். கடைவாயில் வழிந்தது. 

"எறங்கிருச்சு! ஒரு மடக்கு எறங்கிருச்சு. நான் பாத்தேன்" என்றாள் ராக்காயி.

"நானும் பாத்தேன்" என்றாள் முனியாயிக் கிழவி. "கொடுத்து வச்ச மனுசன். வீடு வந்து சேந்துல்ல போயிருக்காரு."

அழுகை கிளம்பியது.

பஞ்சாங்கம் பார்க்கும் முனியசாமி வந்து உயிர் பிரிந்த நேரத்தைக் கேட்டார். ஏழெட்டுப் பேர் ஒன்றாகச் சொன்னார்கள். பக்கத்தைப் புரட்டினார். முகம் மாறியது.

"விடியக்காலம் போயிருந்தா திருவோணம். ஒரு தோசமும் இல்ல. இப்ப அவிட்டம் பொறந்துருச்சே முத்துராமா. அடைப்பு."

கூட்டம் பின்வாங்கியது. அவிட்டத்தில் செத்தவர் தனியாகப் போகமாட்டார், வீட்டிலிருந்து துணைக்கு ஆள் தேடுவார். செத்த அறையை ஆறு மாதம் அடைத்து வைக்க வேண்டும். பிணத்தை வாசல் வழியே கொண்டுபோகக் கூடாது. ராக்காயி தன் மகனை இழுத்து மடிக்குள் அமுக்கிக்கொண்டாள்.

"நேரம் சரியாச் சொல்லுங்கப்பா. முன்னப் பின்ன இருக்குமா?" என்றார் முனியசாமி.

முத்துராமன் மறுபடியும் செங்கமலத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும். அறையை அடைக்க வேண்டாம், பிள்ளையை மடிக்குள் அமுக்க வேண்டாம். அப்பா மட்டும் எல்லைக் கல்லுக்கு வெளியே போய்விடுவார்.

"இப்பத்தான்" என்றாள் அவள். "இப்பத்தான் போச்சு."

மேற்குச் சுவரைக் கடப்பாரையால் இடித்தார்கள். மண்சுவர், சீக்கிரம் விழுந்தது. அந்த ஓட்டை வழியே அப்பாவை வெளியே எடுத்தபோது முத்துராமன், "கம்பு எங்க? ஐயாவோட கம்பக் கூட வையுங்க" என்றான்.

அவள் இடுப்பில் ஏதோ அழுத்தியது. தொட்டுப் பார்த்தாள். லாட்ஜ் சாவி. கம்பு அந்த லாட்ஜ் அறைக்குள், கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தபடியே இருக்கும்.

"பஸ்ஸுலயே விட்டுட்டாருண்ணே" என்றாள்.

அறையை அடைத்தார்கள். இடித்த சுவரைப் பனையோலை வைத்து மறைத்தார்கள். தினமும் பொழுது சாய உள்ளே விளக்கேற்றி ஒரு செம்பு தண்ணீர் வைக்க வேண்டும். "கடைசி வரைக்கும் கூட இருந்தவ நீ. நீயே வையி" என்று அண்ணன் அப்பாவின் அறைச் சாவியை அவளிடம் கொடுத்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் போனபின் ராக்காயி அவளிடம் ஒண்டி உட்கார்ந்தாள்.

"நேத்துக் கேட்டியா?"

"என்னது மதினி?"

"கம்பு ஊனுற சத்தம். கட்டுலுலருந்து கதவு வரைக்கும் வருது, அங்கிட்டுத் திரும்பிப் போகுது. ஒங்க அண்ணனுக்கும் கேட்டுச்சு. ஒனக்குக் கேக்கல?"

"கேட்டுச்சு."

அவள் அந்தக் கதவை ஒட்டித்தான் படுக்கிறாள். காதைக் கதவில் வைத்தும் பார்த்துவிட்டாள். உள்ளே எதுவுமே இல்லை. பல்லிகூட இல்லை.

மறுநாள் காலை கதவைத் திறந்தாள். விளக்கு அணைந்திருந்தது. செம்பில் தண்ணீர் விளிம்பு வரை வைத்தபடியே நின்றது. ஓலையை விலக்கி, செம்பை வெளியே நீட்டி, புதுக்கோட்டை ரோடு இருக்கும் பக்கமாகச் சாய்த்தாள். பாதி போனதும் நிமிர்த்தினாள். ஈரம் பதிந்த இடம் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும்.

"தண்ணி கொறஞ்சிருக்கா?" அடுப்படியிலிருந்து ராக்காயி கேட்டாள்.

"பாதி கொறஞ்சிருக்கு மதினி."

கதவைப் பூட்டிச் சாவியை முந்தியில் முடிந்தாள். அந்த முடிச்சில் இன்னொரு சாவியும் இருந்தது. நடக்கும்போது இரண்டும் உரசிச் சத்தம் வராமல் கையால் பொத்திக்கொண்டாள்.