தோல் வாரில் ஒரு துளை

ஒடீல் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தாள். சத்தமே இல்லை. குலுக்கினாள். கையால் சாவி கொடுக்கிற கடிகாரத்தைக் குலுக்கி ஒரு பிரயோஜனமும் கிடையாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? முப்பது வருஷமாகக் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள். இருந்தாலும் இன்னொரு முறை குலுக்கினாள்.

“ஒடீல், கடிகாரத்தை எடுத்துட்டு வாம்மா. கிட்ட இருக்கட்டும்.”

அடுத்த அறையில் கட்டிலிலிருந்து அப்பா அர்மான் ரோஷா கூப்பிட்டார். சொல்லுக்குச் சொல் மூச்சு இழுத்தது.

“துடைச்சுக்கிட்டு இருக்கேம்பா. இதோ வந்துட்டேன்.”

காலையில் வந்துபோன டாக்டர் வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டே, “இன்னைக்குப் பொழுது தாண்டறது கஷ்டம். பார்க்க வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க” என்று சொல்லியிருந்தார். அப்பாவுக்குக் காய்ச்சல் கண்ட நாளிலிருந்து மருந்தும் கஞ்சியும் துணி மாற்றுவதுமாக ஓடியதில், காலைக் காபியோடு சாவி கொடுக்கிற பழக்கம் அவளுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. சாகக் கிடக்கிற மனிதரைப் பார்ப்பதா, கடிகாரத்தைப் பார்ப்பதா என்று யாராவது கேட்கலாம். கடிகாரத் தொழிலுக்கே பேர்போன இந்த ஸ்விஸ் மலைப்பகுதியில், ஜூ பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

ரோஷா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. போகிறவர் தன் கையாலேயே அந்தக் கடிகாரத்தை அடுத்தவரின் மணிக்கட்டில் கட்டிவிட வேண்டும். அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அர்மானுக்கு அவருடைய அப்பா அப்படித்தான் கட்டிவிட்டார். இப்போது அர்மான் கட்டிவிட வேண்டியது ஒடீலின் மகள் நொயேமிக்கு. அர்மானின் மகன் பாஸ்தியேன் ஜெனீவாவில் கடிகாரக் கடையே வைத்திருக்கிறான். அவன் பெற்ற இரண்டு பிள்ளைகளும் கடிகாரம் கட்டாத வெறுங்கையோடு திரிகிறார்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

போன மாதமே அர்மான் கறாராகச் சொல்லிவிட்டார். “நொயேமிக்கு ஆசை இருந்தா அவளுக்கு. இல்லேன்னா கம்பெனி மியூசியத்துக்குக் குடுத்துடுங்க. ஆசை இல்லாதவங்க டிராயர்ல கிடக்கறதுக்கு அது ஒண்ணும் பழைய கரண்டி இல்ல.”

“அவளுக்கு அது மேல உசுருப்பா” என்று ஒடீல் சொன்னாள். கூசாமல் சொன்ன பொய். அதற்கு முந்தின வாரம்தான் நொயேமி போனில், “எனக்கு எதுக்கும்மா அது?” என்று கேட்டிருந்தாள். கடிகாரம் வீட்டை விட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் போவதை ஒடீலால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நேரம் வரும்போது மகளைச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தாள். நேரம் வந்துவிட்டது. பாஸ்தியேன் அவளைக் காரில் கூட்டி வந்துகொண்டிருந்தான்.

சாவியைத் திருகினாள். டிக், டிக் என்று உயிர் வந்தது. அப்பாடா. தேதி மட்டும் சில நாள் பின்தங்கியிருந்தது. தேதி, கிழமை, மாதம், பிறை எல்லாம் காட்டுகிற கடிகாரம். லீப் வருஷம்கூட அதற்கே தெரியும். ஆனால் ஒருமுறை நின்றுவிட்டால் பக்கவாட்டில் இருக்கிற சின்னக் குழிப் பொத்தானை ஊசியால் அழுத்தி, தேதியை நாம்தான் நகர்த்த வேண்டும். ஊசியை எடுத்து அழுத்தினாள். இறுக்கமாக இருந்தது.

“ஒடீல்!”

“வரேம்பா!”

பலமாக அழுத்தினாள். உள்ளே மளுக்கென்று ஏதோ முறிந்தது.

அதற்குப் பிறகுதான் முள்ளைப் பார்த்தாள். பதினொன்றில் நின்றிருந்தது. இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை மூன்று வரைக்குமான இடத்தில் முள் இருக்கும்போது தேதியைத் தொடவே கூடாது. உள்ளே சக்கரங்கள் தேதியை மாற்றப் பிடித்துக்கொண்டிருக்கும், பல் உடைந்துவிடும். வெளியே பட்டப்பகலாக இருந்தால் என்ன, கடிகாரத்துக்குள் அது ராத்திரி பதினொன்றாக இருக்கலாம். இந்தப் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பதற்கு முன்னாலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒடீலே சொல்லித் தந்திருக்கிறாள். பாவி, அவள் கையாலேயே!

மறுபடி ஊசியை வைத்தாள். பொத்தான் உள்ளே போனது, வந்தது. தேதி அசையவில்லை.

வாசலில் கார் நின்றது. பாஸ்தியேன் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். பின்னால் நொயேமி. ஏரிக்கு அந்தப் பக்கம் பாலாடைக்கட்டிக் கூடத்தில் வேலை. உப்புத் தண்ணீரில் கட்டிகளைக் கழுவிக் கழுவி அவள் கை முழங்கை வரைக்கும் சிவந்திருக்கும். மணிக்கட்டில் மணியும் காட்டி, நடக்கிற அடிகளையும் எண்ணுகிற ரப்பர் பட்டை. ஒடீல் அவளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“தாத்தா கேட்டா ஆசையா இருக்குன்னு சொல்லு.”

“அம்மா, நான் உன்கிட்ட என்ன சொன்னேன்?”

“தெரியும்டி. ஒரே ஒரு வார்த்தை.”

“சாகப்போற மனுஷர்கிட்டப் பொய் சொல்லச் சொல்றியா?”

பாஸ்தியேன் குறுக்கே வந்தான். “தலைய ஆட்டிட்டுப் போயேன் தாயே. அப்புறம் பார்த்துக்கலாம். என் கடைக்கு வர்ற சின்னப் பசங்களும் இப்படித்தான். கண்ணாடி வழியா வாயப் பொளந்துக்கிட்டு பாப்பானுங்க, போட்டோ எடுப்பானுங்க, போயிடுவானுங்க.”

“அவங்களாவது போட்டோ எடுக்கறாங்க, மாமா” என்றாள் நொயேமி.

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க” என்றாள் ஒடீல். கடிகாரம் ஏப்ரன் பையில் கனத்தது.

அறைக்குள் அர்மான் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நொயேமியைப் பார்த்ததும் கண்ணில் வெளிச்சம் வந்தது.

“வந்துட்டியா கண்ணு? உங்கம்மா எல்லாம் சொன்னா. கையை நீட்டு.”

நொயேமி கையை நீட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“தாத்தா, எனக்கு அது வேணாம்.”

பாஸ்தியேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“பிடிக்கலையா?” என்றார் அர்மான்.

“உங்களைத்தான் எனக்குப் பிடிக்கும். அதைக் கட்டிக்கிட்டா நான் அதுக்குக் காவல்காரி ஆயிடுவேன். உப்புத் தண்ணில கைய விடணும்னா கழட்டணும், எங்க வெச்சேன்னு தேடணும். அதுக்கும் பாவம், எனக்கும் பாவம்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “நீங்க ஊருல இருக்கற சின்னவங்களை எல்லாம் வேணுமா வேணுமான்னு கேக்கறீங்க. தினம் காலைல அதைக் காதுல வெச்சுக் கேட்டுட்டு வேலைக்குப் போறது யாரு? அம்மாகிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா?”

அர்மான் மெதுவாகத் தலையைத் திருப்பினார். “அவகிட்டயா? அவளுக்கு அது வேலைதானே. நாள் பூரா அதோடதான மாரடிக்கறா. வீட்டுலயுமான்னு...” முடிக்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்தில் அவருடைய அப்பா கடிகாரத்தைக் கட்டிவிட்டபோது, அறையில் அவருடைய அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவளிடமும் யாரும் கேட்கவில்லை.

“உனக்கு வேணுமா, ஒடீல்?”

“வேணும்பா.”

யோசிக்கவேயில்லை. பேரக்குழந்தை எடுக்கிற வயதில் பொம்மை கேட்கிற பிள்ளை மாதிரி வந்துவிட்டது. அடுத்த கணமே அழுகை முட்டியது. “எனக்குத்தான் எப்பவும் வேணும். ஆனா அது உடைஞ்சுபோச்சுப்பா. இப்பத்தான். நான்தான் உடைச்சேன்.”

கடிகாரத்தை எடுத்து நீட்டினாள். அர்மான் வாங்கவில்லை.

“முள் எங்க இருந்துச்சு?”

“பதினொண்ணுல.”

“பதினொண்ணுல தேதியத் தள்ளினியா?”

“ஆமா.”

“அடி கழுதை! முப்பது வருஷமா அங்க போய் என்னத்தக் கிழிச்சே?”

கோபத்தில் முகம் சிவந்தது. ஒடீலைச் சின்ன வயதில் திட்டிய அதே குரல். அது இருமலாகி, இருமல் சிரிப்பாகி, மறுபடி இருமலானது. நொயேமி நெஞ்சைத் தடவிவிட்டாள். அவர் அவளை விலக்கினார்.

“ஓடுதா?”

“மணி ஓடுது. தேதி நகராது.”

“ஓடுதுல்ல? கொண்டா கைய.”

காதில் வைத்துக் கேட்டார். பிறகு மகளின் மணிக்கட்டில் சுற்றினார். அவர் கைக்கென்று துளையிட்ட தோல் வார். கடைசித் துளையிலும் ஒடீலுக்குத் தொளதொளவென்று இருந்தது. பக்கிளைக் கோக்க விரல் ஒத்துழைக்கவில்லை. ஒருமுறை, இன்னொரு முறை. நொயேமி உதவிக்குக் குனிந்தாள்.

“நீ சும்மா இரு.”

கோக்க முடியாமல், வாரின் இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்படியே தலையணையில் சாய்ந்தார். ஒடீல் கையை எடுக்கவில்லை, தோள் மரத்துப்போன பிறகும் எடுக்கவில்லை. வெளியே ஏரி சாம்பல் நிறமானது. யாரும் விளக்குப் போடவில்லை. ஒரு கட்டத்தில் கட்டைவிரல் தளர்ந்தது. கடிகாரம் நழுவிப் போர்வைமேல் விழுந்தது. நொயேமி அவருடைய நெற்றியில் முத்தமிட்டு, வாய்விட்டு அழுதாள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒயினும் சூப்பும் பாலாடைக்கட்டியும் பரிமாறினார்கள். கூடத்தில் தொழிற்சாலைக்காரர்கள் கிளாஸைப் பிடித்துக்கொண்டு பழைய புராணத்தை ஆரம்பித்திருந்தார்கள். இனிமேல் எவன் சாவி கொடுப்பான், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போன் போதும், இன்னும் கொஞ்ச காலத்தில் பள்ளத்தாக்கே மாடு மேய்க்கப் போக வேண்டியதுதான்.

“மாடு மேய்ச்சா நல்ல பால் கிடைக்கும்” என்று நொயேமி சூப்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். ஒருவர் சிரித்தார்.

பட்டறைத் தலைவர் ஒடீலிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். “தேதி மாட்டிக்கிச்சாமே? குடு, நானே பிரிச்சுப் பார்க்கறேன்.”

“அப்புறம் பார்க்கலாம்” என்றாள். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

சமையலறையில் அப்பாவின் கருவிப் பெட்டியைத் திறந்து குத்தூசியை எடுத்தாள். பலகைமேல் வாரை விரித்தாள். அர்மானின் கட்டைவிரல் அழுத்தியிருந்த இடத்தை அளக்க வேண்டியிருக்கவில்லை. நொயேமி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். ஒரே குத்து. ஒடீல் துளையிலிருந்து வந்த தோல் துணுக்கை ஊதிவிட்டு, சாவி கொடுத்து, மணியைச் சரிசெய்து, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டாள். தொளதொளக்காமல் கையோடு பொருந்தியது.

“மணி என்ன ஆச்சு? நான் கிளம்பணும்” என்று கூடத்திலிருந்து பாஸ்தியேனின் குரல் வந்தது.

நொயேமியின் கையிலும் மணி இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தாள். ஒடீல் கறுப்புச் சட்டையின் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.